துத்தநாகமும் அமிலமும் தலா 0.1 மோல், ஹைட்ரஜன் மட்டும் ஏன் பாதி?

கடைசி பெஞ்ச்:
எல்லோருக்கும் வணக்கம். பிளஸ் ஒன் வேதியியல் முதல் பாடத்திலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஒர்க்‌ஷீட்டில் வந்த கணக்கு இது: 6.54 கிராம் துத்தநாகத்தை 100 மில்லி 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால், 0 டிகிரி செல்சியஸ், 1 பார் அழுத்தத்தில் எத்தனை லிட்டர் ஹைட்ரஜன் வெளிவரும்?

நான் செய்தது: துத்தநாகத்தின் அணு நிறை 65.4, ஆகவே 0.1 மோல். அமிலம் 0.1 லிட்டர் × 1 மோலார், அதுவும் 0.1 மோல். இரண்டும் சமம், இரண்டும் ஒன்றாகத் தீர்ந்துவிடும். ஹைட்ரஜன் 0.1 மோல், அதாவது 2.27 லிட்டர்.

விடையில் 1.135 லிட்டர் என்று போட்டிருக்கிறது. சரியாகப் பாதி. டியூஷனில் கேட்டேன். "வினைக்கட்டுப்பாட்டுக் காரணியை, அதாவது முதலில் தீரும் வினைபடுபொருளைப் பார்" என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டார்கள். என் நோட்ஸில் "மோல் எண்ணிக்கை குறைவாக உள்ள வினைபடுபொருளே வினைக்கட்டுப்பாட்டுக் காரணி" என்று இருக்கிறது. இங்கே எதுவும் குறைவாக இல்லையே?

(இந்தத் தளத்தில் குறியீடு எழுதினால் கீழ் எண்கள் சிதறிப்போகின்றன. அதனால் பெயராகவே எழுதுகிறேன், மன்னிக்கவும்.)

அரை மோல்:
தம்பி, சமன்பாட்டை எழுதவே இல்லையே நீ. எழுதியிருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும். ஒரு துத்தநாகத்துக்கு இரண்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம், வருவது ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு. சைக்கிள் கடையில் 100 பிரேமும் 100 டயரும் இருந்தால் எத்தனை சைக்கிள் மாட்டலாம்? 50. டயர் தீர்ந்துவிடும், 50 பிரேம் சும்மா கிடக்கும். உன் கணக்கில் டயர்தான் அமிலம்.

0.1 மோல் அமிலத்துக்கு 0.05 மோல் ஹைட்ரஜன். 0.05 × 22.7 = 1.135. முடிந்தது.

பியூரெட்:
அரை மோல் சொன்னது சரி. ஆனால் அந்த நோட்ஸ் வரியைப் பற்றி நான் கொஞ்சம் பேசியாக வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் பிளஸ் ஒன், பிளஸ் டூ எடுக்கிறேன். அந்த வரி ஏதாவது ஒரு வடிவத்தில் வருடா வருடம் வந்துகொண்டுதான் இருக்கிறது.

"மோல் குறைவாக இருப்பதுதான் முதலில் தீரும்" என்பது தப்பு. அதற்கும் முன்னால் "கிராம் குறைவாக இருப்பது" என்று நினைக்கும் பிள்ளைகளும் உண்டு, அது இன்னும் பெரிய தப்பு. உன் மோல் வரி எப்படிக் கவிழும் என்பதற்கு ஒரே கணக்கு போதும்.

நைட்ரஜன் 28 கிராம், ஹைட்ரஜன் 5 கிராம். அம்மோனியா தயாரிக்கிறோம். ஒரு நைட்ரஜனுக்கு மூன்று ஹைட்ரஜன், வருவது இரண்டு அம்மோனியா. நைட்ரஜன் 28 ÷ 28 = 1 மோல். ஹைட்ரஜன் 5 ÷ 2 = 2.5 மோல். மோல் குறைவாக இருப்பது நைட்ரஜன். உன் நோட்ஸ்படி நைட்ரஜன் தீர வேண்டும். ஆனால் 1 மோல் நைட்ரஜனைத் தீர்க்க 3 மோல் ஹைட்ரஜன் வேண்டும், இருப்பதோ 2.5. ஆக, மோல் அதிகமாக இருக்கிற ஹைட்ரஜன்தான் முதலில் காலியாகும்.

எனவே செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒவ்வொரு வினைபடுபொருளின் மோலையும் சமன்பாட்டில் அதன் முன்னால் நிற்கும் கெழுவால் வகு. நைட்ரஜனுக்கு 1 ÷ 1 = 1. ஹைட்ரஜனுக்கு 2.5 ÷ 3 = 0.833. எது சின்ன எண்ணோ அது தீரும். அந்தச் சின்ன எண்ணை அப்படியே வைத்துக்கொள், மிச்சக் கணக்கு முழுவதையும் அதுவே நடத்தும். அம்மோனியா 2 × 0.833 = 1.667 மோல், 17 ஆல் பெருக்கினால் 28.33 கிராம். செலவான நைட்ரஜன் 0.833 மோல், மீதி 0.167 மோல், அது 4.67 கிராம்.

இப்போது கூட்டிப் பார். 28.33 + 4.67 = 33. போட்டதும் 28 + 5 = 33. இந்தக் கடைசிக் கூட்டலை யாரும் செய்வதில்லை. பத்து விநாடி வேலை. நிறை அழியாது என்று பாடத்தின் முதல் பக்கத்தில் படித்துவிட்டு, விடையைச் சரிபார்க்க மட்டும் பக்கத்து பெஞ்சை எட்டிப் பார்க்கிறீர்கள்.

கடைசி பெஞ்ச்:
சார், இப்போது புரிகிறது. துத்தநாகம் 0.1 ÷ 1 = 0.1, அமிலம் 0.1 ÷ 2 = 0.05. சின்னது 0.05. ஹைட்ரஜனின் கெழு 1, அதனால் 0.05 மோல். துத்தநாகம் 0.05 மோல் மிஞ்சும், அது 3.27 கிராம். நோட்ஸில் அந்த வரியை அடித்துவிட்டேன்.

இன்னொன்று. விடைக்குறிப்பில் 22.7 ஆல் பெருக்கியிருக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் 22.4 என்றுதானே படித்தோம்?

மறுபடி நீட்:
22.4 தான். கோச்சிங்கில் எல்லாக் கணக்கும் அதில்தான் போடுகிறோம். 22.7 என்று போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. தப்பான விடைக்கு மைனஸ் ஒன்று இருக்கிறது, ஞாபகம் வைத்துக்கொள்.

அரை மோல்:
இரண்டும் சரி, இரண்டுக்கும் அழுத்தம் வேறு. 0 டிகிரி, 1 வளிமண்டல அழுத்தம் என்றால் ஒரு மோல் வாயுவின் பருமன் 22.4 லிட்டர். 0 டிகிரி, 1 பார் என்றால் 22.7 லிட்டர். ஒரு வளிமண்டல அழுத்தம் என்பது 1.01325 பார். பார் கொஞ்சம் குறைந்த அழுத்தம், ஆகவே வாயு கொஞ்சம் கூடுதல் இடம் எடுத்துக்கொள்கிறது. 1982 முதல் வேதியியலுக்கான சர்வதேச அமைப்பான ஐயூபேக் 1 பாரையே திட்ட அழுத்தமாக வைத்திருக்கிறது. பழைய புத்தகங்களில் வளிமண்டல அழுத்தம், அவ்வளவுதான் வித்தியாசம்.

கேள்வியிலேயே 1 பார் என்று கொடுத்திருக்கிறார்கள். அதற்கு அப்புறமும் 22.4 போடுவேன் என்றால் எப்படி?

மறுபடி நீட்:
வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். நாலு சாய்ஸில் எது பக்கத்தில் இருக்கிறதோ அதை அடித்துவிட வேண்டியதுதான். பரீட்சை ஹாலில் ஐயூபேக் வரலாறு யாரும் கேட்கமாட்டார்கள்.

அரை மோல்:
1.12, 1.135 இரண்டும் சாய்ஸில் இருந்தால்?

மறுபடி நீட்:
...அப்போது கேள்வியைப் படிப்பேன்.

ஜூரோங் அப்பா:
மகளுக்கு ஓ லெவல் வேதியியல் சொல்லிக் கொடுக்க இங்கே வந்து படித்துக்கொண்டிருக்கிறேன். சிங்கப்பூர் பாடத்தில் அறை வெப்பநிலையில் 24 கன டெசிமீட்டர் என்று இருக்கிறது. நான் மதுரையில் படித்தது 22.4. அவளுக்கும் எனக்கும் இதில் பெரிய சண்டையே நடந்துவிட்டது.

பியூரெட்:
மகள் சொல்வது சரிதான் ஐயா, அவளோடு சண்டை வேண்டாம். 22.4 என்பது 0 டிகிரியில். வெப்பம் ஏறினால் வாயு விரியும். 20 டிகிரியில் 22.4 × 293 ÷ 273, கிட்டத்தட்ட 24. நம் ஊர் லேபில் 30 டிகிரி என்று வைத்தால் 24.9 வரும். சென்னையில் எந்த லேபும் 0 டிகிரியில் இருந்ததில்லை. ஆனால் 22.4 ஐ இயற்கையின் விதி மாதிரி பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள்.

அதோடு இன்னொன்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 22.4, 22.7, 24 எல்லாமே வாயுவுக்கு மட்டும். "திட்ட நிலையில் 1 மோல் நீரின் பருமன் என்ன?" என்று கேட்டால் பாதி வகுப்பு 22.4 லிட்டர் என்று எழுதும். 1 மோல் நீர் 18 கிராம், கிட்டத்தட்ட 18 மில்லி, இரண்டு மடக்கில் குடித்துவிடலாம். இருபத்திரண்டு லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு பெரிய கேன்.

வடமராட்சி:
இலங்கையிலிருந்து எழுதுகிறேன், உயர்தரத்துக்கு இரசாயனவியல் கற்பிக்கிறேன். எங்கட பிள்ளைகளும் இதே இடத்திலதான் வழுக்குவார்கள். தாக்கிகளின் (நீங்கள் சொல்லுற வினைபடுபொருள்) மூல் எண்ணிக்கையைப் பீசமானக் குணகத்தால் (உங்கட கெழு) வகுக்கச் சொல்லித்தான் நானும் கொடுக்கிறது.

எங்களுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. உயர்தரப் பரீட்சையில் கணிப்பான் பாவிக்க ஏலாது. அதால நான் பிள்ளைகளுக்குச் சொல்லுறது, கனவளவு மில்லிலீற்றரிலே தந்தால் அதை லீற்றராக்கிப் பூச்சியங்களோட மல்லுக்கட்ட வேண்டாம். மில்லிலீற்றரைச் செறிவால் பெருக்கினால் மில்லிமூல் வரும். 25 மில்லிலீற்றர், 0.2 செறிவு என்றால் 5 மில்லிமூல். பின்னமும் இல்லை, அடுக்கும் இல்லை. விகிதத்தையும் மில்லிமூலிலேயே போட்டு, கடைசியில மட்டும் ஆயிரத்தால் வகுத்தால் காணும்.

மற்றது, நியமிப்பு (உங்கட தரம்பார்த்தல்) கணக்கு. 0.1 செறிவுள்ள ஒட்சாலிக்கமிலம் 20 மில்லிலீற்றர். அதை முற்றாக நடுநிலையாக்க 0.1 செறிவுள்ள சோடியம் ஐதரொட்சைட்டு எவ்வளவு வேண்டும்? இதுக்குப் பத்துப் பிள்ளைகளிலே ஏழெட்டுப் பேர் 20 என்று எழுதுவினம். சமன்பாடே எழுதாமல் "கனவளவு பெருக்கல் செறிவு இரண்டு பக்கமும் சமன்" என்று போட்டுவிடுறது. ஒட்சாலிக்கமிலம் இருமூல அமிலம். அமிலம் 2 மில்லிமூல் என்றால் காரம் 4 மில்லிமூல் தேவை. விடை 40 மில்லிலீற்றர்.

கடைசி பெஞ்ச்:
எங்களுக்கும் அந்தச் சூத்திரம் இருக்கிறதே, வி1 எம்1 = வி2 எம்2. அது தப்பா?

அரை மோல்:
ஒரே கரைசலில் தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்யும்போது அது சரி. முன்னாலும் பின்னாலும் அதே பொருள், மோல் மாறுவதில்லை. இரண்டு வேறு பொருள்கள் வினைபுரியும்போது 1:1 விகிதமாக இருந்தால் மட்டும் அது வேலை செய்யும். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும் 1:1, அதில் பழகிவிட்டு எல்லா இடத்திலும் போடுகிறோம்.

நார்மாலிட்டியில், அதாவது ஒரு லிட்டரில் எத்தனை சமான நிறை கரைந்திருக்கிறது என்ற அளவில் போட்டால் இந்தச் சூத்திரம் எல்லா இடத்திலும் வரும், ஏனென்றால் விகிதத்தைச் சமான நிறைக்குள் ஏற்கெனவே ஒளித்து வைத்தாயிற்று. எனக்கு அதுதான் பிடிக்காது. நார்மாலிட்டியைப் பாடத்திலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்பேன். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் சமான நிறை என்ன என்று கேட்டால் எல்லோரும் 31.6 என்பார்கள். ஏன் என்று கேட்டால் பதில் வராது. அதன் மோலார் நிறை 158. அமில ஊடகத்தில் ஐந்து எலக்ட்ரான் ஏற்கிறது, 158 ÷ 5 = 31.6. நடுநிலை ஊடகத்தில் மூன்று எலக்ட்ரான், 158 ÷ 3 = 52.67. பாட்டில் அதேதான், சமான நிறை மட்டும் ஊடகத்துக்கு ஊடகம் மாறுகிறது. இப்படி ஓர் எண்ணை எதற்கு மனப்பாடம் செய்ய வேண்டும்?

பியூரெட்:
எடுத்துவிட்டால் பிளஸ் டூ பிராக்டிகலில் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? அங்கே பருமனறி பகுப்பாய்வு முழுக்க நார்மாலிட்டியில்தான் நடக்கிறது. சமான நிறைகள்: மோர் உப்பு 392, பெர்ரஸ் சல்பேட் 278, ஆக்சாலிக் அமிலம் 63. மாணவன் கையில் இருக்கும் நேரத்துக்குள் இரண்டு தரம்பார்த்தல் முடித்து, கணக்கும் போட்டுக் கொடுக்க வேண்டும். அந்த அவசரத்தில் நார்மாலிட்டி உதவத்தான் செய்கிறது.

ஆனால் மோலில் போட்டுப் பழகியவன்தான் நார்மாலிட்டியையும் நம்பிப் போடலாம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஒரு கணக்கு சொல்கிறேன். 0.1 மோலார் பெர்ரஸ் கரைசல் 20 மில்லி, அமில ஊடகத்தில். பியூரெட்டில் 0.02 மோலார் பெர்மாங்கனேட். எத்தனை மில்லி இறங்கும்? வி1 எம்1 போடுகிறவன் 20 × 0.1 ÷ 0.02 = 100 மில்லி என்பான். பியூரெட் 50 மில்லிதான் பிடிக்கும்! இரண்டாவது தடவை நிரப்புவானா? ஒரு பெர்மாங்கனேட்டுக்கு ஐந்து பெர்ரஸ் அயனி. பெர்ரஸ் 2 மில்லிமோல், பெர்மாங்கனேட் 0.4 மில்லிமோல், 0.4 ÷ 0.02 = 20 மில்லி. விடை எழுதியதும் அந்த அளவு பியூரெட்டுக்குள் அடங்குமா என்று ஒரு நொடி யோசித்தாலே பாதித் தப்பு போய்விடும்.

லேப் சாவி:
பிளஸ் டூ லேபில் வேலை பார்க்கிறேன். பேசாமல் படித்துவிட்டுப் போகலாம் என்று இருந்தேன், ஆக்சாலிக் அமிலம் என்றதும் கை சும்மா இருக்கவில்லை.

பாட்டிலில் இருப்பது படிக நீரோடு கூடிய ஆக்சாலிக் அமிலம். மோலார் நிறை 126. பிள்ளைகள் வெறும் அமிலத்துக்குக் கணக்குப் போட்டு 90 என்று எடுத்துக்கொள்கிறார்கள். 250 மில்லி 0.1 மோலார் கரைசல் தயாரிக்க 0.025 மோல் வேண்டும். 126 ஆல் பெருக்கினால் 3.15 கிராம். 90 ஆல் பெருக்கினால் 2.25 கிராம். அந்த 2.25 ஐ எடை போட்டுக் கரைத்தால் வரும் கரைசல் 0.071 மோலார்தான். அப்புறம் அதை வைத்துக் காரத்தைத் தரம் பார்த்துவிட்டு, "காரம் தப்பு, லேபில் சரியாகத் தயாரிக்கவில்லை" என்று என்னிடம் சண்டைக்கு வருவார்கள். லேபிளில் மோலார் நிறை அச்சடித்தே இருக்கிறது. பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் போதும்.

காப்பர் சல்பேட்டிலும் இதே கதைதான். நீல நிறத்தில் இருந்தால் அதில் ஐந்து நீர் இருக்கிறது, 249.5 எடுக்க வேண்டும். 159.5 வெள்ளைப் பொடிக்கு.

அதேபோல 250 மில்லி தண்ணீரை அளந்து உப்பின் மேல் ஊற்றக்கூடாது. கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, திட்டக் குடுவைக்கு மாற்றி, பீக்கரைக் கழுவிய தண்ணீரையும் அதிலேயே விட்டு, கழுத்துக் கோடு வரை நிரப்ப வேண்டும். மோலாரிட்டி என்றால் கரைசலின் பருமன், தண்ணீரின் பருமன் இல்லை.

மறுபடி நீட்:
அந்தக் கடைசி வரி தியரியிலும் கேட்பார்கள். மோலாலிட்டிக்குக் கரைப்பானின் கிலோகிராம், மோலாரிட்டிக்குக் கரைசலின் லிட்டர். வெப்பநிலை மாறினால் மாறுவது மோலாரிட்டி மட்டும், ஏனென்றால் பருமன் மாறும், நிறை மாறாது.

சுண்ணாம்புக்கல்:
அரியலூர் பக்கம் சிமெண்ட் ஆலை லேபில் இருக்கிறேன். நீங்கள் பேசுகிற கணக்கைத்தான் நாங்கள் தினமும் ஷிப்டுக்கு ஷிப்ட் போடுகிறோம், என்ன, டன் கணக்கில்.

கால்சியம் கார்பனேட்டைச் சுட்டால் கால்சியம் ஆக்சைடும் கார்பன் டை ஆக்சைடும். 100, 56, 44. இந்த மூன்று எண் தெரிந்தால் போதும். 100 கிராமுக்கு 56 கிராம் என்றால் 100 கிலோவுக்கு 56 கிலோ, 100 டன்னுக்கு 56 டன். டன்னைக் கிராமாக்கி, மோலாக்கி, திரும்ப டன்னாக்கி ஆறு பூச்சியத்தோடு அல்லாட வேண்டாம். எந்த அலகில் கொடுத்தார்களோ அதிலேயே விகிதம் போடலாம், இரண்டு பக்கமும் நிறையாக இருக்கும் வரை.

ஒரு டன் சுண்ணாம்புக்கல், 85 சதவீதம் தூய்மை. கார்பனேட் 850 கிலோ. சுட்டால் ஆக்சைடு 476 கிலோ, கார்பன் டை ஆக்சைடு 374 கிலோ. பள்ளிக் கணக்கில் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். "சூளையில் எஞ்சும் திண்மத்தின் நிறை என்ன?" என்று கேட்டால் 476 என்று எழுதுவான். மிச்சம் 150 கிலோ மண்ணும் மணலும் காற்றிலா போச்சு? 476 + 150 = 626 கிலோ. மாசு வினைபுரியாது என்றால் இல்லாமல் போகிறது என்று அர்த்தம் இல்லை. (நிஜச் சூளையில் 1450 டிகிரி வரை ஏற்றும்போது அந்த மண்ணும் சுண்ணாம்போடு சேர்ந்துதான் கிளிங்கர், அதாவது அரைத்தால் சிமெண்ட் ஆகும் கட்டி, ஆகிறது, அது வேறு சமாச்சாரம்.)

லேபில் இதைத் தலைகீழாகச் செய்வோம். காயவைத்த சாம்பிள் 1 கிராம், மூசையில் வைத்து 950 டிகிரி உலையில் சுட்டு, ஆறவைத்து எடை பார்ப்போம். 0.374 கிராம் குறைந்திருந்தால், 0.374 ÷ 0.44 = 0.85. கல்லில் கார்பனேட் 85 சதவீதம் என்று ஒரு முதல் மதிப்பு. களிமண்ணில் கட்டுண்ட நீரும் அந்தக் குறைவில் சேர்ந்து போகும் என்பதால் இதை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடமாட்டோம்.

கடைசி பெஞ்ச்:
இது நன்றாக இருக்கிறது அண்ணா. அப்படியென்றால் 6.022 × 10²³ எங்கேயுமே வரவில்லையே? அதைத்தானே முதலில் சொல்லிக் கொடுத்தார்கள்.

பியூரெட்:
நல்ல கேள்வி. பெரும்பாலான கணக்குக்கு அது தேவையே இல்லை. எத்தனை மூலக்கூறு, எத்தனை அணு என்று கேட்டால் மட்டும் வரும். அங்கேயும் ஒரு கண்ணி உண்டு: 9 கிராம் நீரில் எத்தனை அணுக்கள்? 0.5 மோல், ஆகவே 3.011 × 10²³ மூலக்கூறு. ஒவ்வொன்றிலும் மூன்று அணு. விடை 9.033 × 10²³. மூலக்கூறு என்று படித்தாயா, அணு என்று படித்தாயா என்பதுதான் அங்கே சோதனை.

முன்பெல்லாம் 12 கிராம் கார்பன் 12 இல் எத்தனை அணுக்கள் இருக்கின்றனவோ அத்தனை துகள்கள் கொண்டது ஒரு மோல் என்று வரையறுத்தார்கள். 2019 மே 20 முதல் அது மாறிவிட்டது. இப்போது 6.02214076 × 10²³ துகள்கள், அதுதான் ஒரு மோல். எண்ணை நேராக நிர்ணயித்துவிட்டார்கள். பள்ளிக் கணக்கில் இதனால் ஒரு தசமம்கூட மாறாது, ஒரு மார்க் கேள்விக்கு வேண்டுமானால் உதவும்.

கடைசி பெஞ்ச்:
சார், எளிய விகித வாய்ப்பாட்டில் (சேர்மத்தில் அணுக்களின் மிகச் சிறிய முழு எண் விகிதம்) ஒரு சந்தேகம். கார்பன் 40.92 சதவீதம், ஹைட்ரஜன் 4.58, ஆக்சிஜன் 54.50. மோலார் நிறை 176. அணு நிறையால் வகுத்தால் 3.41, 4.54, 3.41. சிறியதால் வகுத்தால் 1, 1.33, 1. ரவுண்டு பண்ணினால் 1:1:1. அதன் நிறை 29, 176 ஐ அதால் வகுத்தால் 6.07. ஆறு என்று எடுத்து எல்லாவற்றிலும் ஆறு போட்டேன். விடையில் ஹைட்ரஜன் எட்டு இருக்கிறது.

அரை மோல்:
1.33 ஐ ரவுண்டு பண்ணக்கூடாது! 1.02, 2.98 மாதிரி வந்தால் பரிசோதனைப் பிழை என்று விட்டுவிடலாம். 1.33 என்பது மூன்றில் நான்கு. எல்லாவற்றையும் மூன்றால் பெருக்கு: மூன்று கார்பன், நான்கு ஹைட்ரஜன், மூன்று ஆக்சிஜன். அதன் நிறை 88. 176 ÷ 88 = 2, சுத்தமாக வருகிறது. ஆறு கார்பன், எட்டு ஹைட்ரஜன், ஆறு ஆக்சிஜன். நெல்லிக்காயில் இருக்கும் வைட்டமின் சி.

.5 வந்தால் இரண்டால், .33 அல்லது .67 வந்தால் மூன்றால், .25 அல்லது .75 வந்தால் நான்கால் பெருக்கு. உனக்கு 6.07 என்று வந்தபோதே மணி அடித்திருக்க வேண்டும். கடைசி வகுத்தலில் முழு எண் வராவிட்டால் முன்னால் எங்கோ பிசகியிருக்கிறது.

வடமராட்சி:
அதோட, இடையில வாற எண்களை ஒரு தசமத்தோட வெட்டிவிடாமல் இரண்டு மூன்று தசமதானம் வரை கொண்டுபோக வேணும். 3.41 ஐ 3.4 ஆக்கி, 4.54 ஐ 4.5 ஆக்கி வகுத்தால் 1.32 வரும். அதைப் பார்த்து மூன்றால பெருக்கிறதா விடுறதா என்று பிள்ளை தடுமாறும்.

பியூரெட்:
சரி, கடைசி பெஞ்ச், இதுவரை பேசியதெல்லாம் கலந்து ஒரு கணக்கு. வேறு யாரும் விடை சொல்லிவிடாதீர்கள், அவன் போடட்டும்.

80 சதவீதம் தூய்மையுள்ள சுண்ணாம்புக்கல் 5 கிராம். அதன் மேல் 100 மில்லி 0.5 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றுகிறாய். மாசு அமிலத்தில் கரையாது என்று வைத்துக்கொள். 0 டிகிரி, 1 பாரில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடின் பருமன் என்ன? வடிகட்டிக் காயவைத்தால் தாளில் எத்தனை கிராம் இருக்கும்?

மறுபடி நீட்:
வாய்க்கணக்கு. 0.04 × 22.7, 0.908 லிட்டர். அடுத்த கேள்வி ப்ளீஸ்.

அரை மோல்:
அவரைத்தானே போடச் சொன்னார்? அதோடு அமிலம் போதுமா என்று பார்த்தீர்களா?

கடைசி பெஞ்ச்:
போட்டுவிட்டேன் சார்.

ஒரு கார்பனேட்டுக்கு இரண்டு அமிலம், வருவது ஒரு கார்பன் டை ஆக்சைடு. 5 கிராமில் 80 சதவீதம் 4 கிராம், 100 ஆல் வகுத்தால் 40 மில்லிமோல். அமிலம் 100 × 0.5 = 50 மில்லிமோல். கெழுவால் வகுத்தால் கார்பனேட் 40, அமிலம் 25. அமிலம்தான் தீரும். கார்பன் டை ஆக்சைடு 25 மில்லிமோல், 0.025 × 22.7 = 0.5675 லிட்டர்.

வினைபுரியாத கார்பனேட் 40 − 25 = 15 மில்லிமோல், அது 1.5 கிராம். அதோடு மாசு 1 கிராம். தாளில் 2.5 கிராம்.

அமிலம் 50, கார்பனேட் 40. மோல் குறைவு என்று பார்த்தால் கார்பனேட்தான் தீர்ந்திருக்க வேண்டும். பழைய நோட்ஸை வைத்துப் போட்டிருந்தால் நானும் 0.908 தான் எழுதியிருப்பேன்.

சுண்ணாம்புக்கல்:
மண்ணை விடவில்லை, சபாஷ்.

லேப் சாவி:
விடை சரி தம்பி. ஆனால் இதை லேபில் தண்ணீருக்கு மேல் ஜாடி கவிழ்த்துச் சேகரித்தால் 0.5675 வராது, சொல்லிவிடுகிறேன். கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் நன்றாகவே கரையும், குறைவாகத்தான் கிடைக்கும். லேபும் 0 டிகிரியில் இருக்காது.

பியூரெட்:
அதற்காகப் பரீட்சைத் தாளில் குறைத்து எழுதிவிடாதே. இரண்டு தசமத்தோடு 0.57 லிட்டர் என்று எழுதினாலும் மார்க் உண்டு, அலகை மட்டும் விட்டுவிடாதே.

இதே பாடத்தின் பின்பாதியில் ஆக்சிஜனேற்ற எண்ணும் அயனி எலக்ட்ரான் முறையும் இருக்கின்றன. பெர்மாங்கனேட்டுக்கு ஏன் ஐந்து பெர்ரஸ் அயனி என்பது அங்கேதான் வரும். அதற்குத் தனி இழை திற, இதில் கேட்டால் தேடுகிறவர்களுக்குக் கிடைக்காது.